வாசகர் கேள்வி–பதில்: ஒரே வசம்பு, இரண்டு விழாக்கள்

கேள்வி: என் மகள் கொரியத் தொடர்களைப் பார்க்கிறாள், நான் சீன வரலாற்றுத் தொடர்களைப் பார்க்கிறேன். அரண்மனை, அமைச்சர்கள், நெற்றி தரையில் பட வணங்குதல், தூரிகையால் எழுதுதல் எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கொரியப் பண்பாடு சீனப் பண்பாட்டின் நகல்தானா? (கரூர் வாசகி)

பதில்: தொடர்களில் நீங்கள் காண்பது பெரும்பாலும் அரண்மனை. கொரியா சீனத்திடமிருந்து மிகுதியாகப் பெற்றுக்கொண்ட இடமும் அதுவேயாகையால் உங்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. பௌத்தம் 372ஆம் ஆண்டில் சீனத்தின் வழியாகக் கொரியத் தீபகற்பத்தின் வடபகுதியை அடைந்தது. அரசுப் பணிக்குத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் முறையைக் கோர்யோ அரசர் குவாங்ஜோங் 958இல், சீனத்திலிருந்து வந்து தங்கிய ஓர் அதிகாரியின் யோசனைப்படி தொடங்கினார். 1392 முதல் ஆண்ட ஜோசன் அரசோ கன்பூசிய நெறியையே அரசின் முதுகெலும்பாக்கிக்கொண்டது. அரசவையில் எழுதிய எழுத்து, நாள்காட்டி, அமைச்சரவையின் அமைப்பு, அரசவை உடை ஆகிய அனைத்துக்கும் சீனமே முன்மாதிரி. இதை மறைத்துப் பேசும் கொரியப் பெருமையில் பொருளில்லை.

ஆனால் அரண்மனையை விட்டுச் சாதாரண வீட்டுக்குள் நுழைந்து தரையைப் பாருங்கள். கொரிய வீட்டில் சமையலறை அடுப்பின் நெருப்பும் புகையும் அறையின் அடியில் உள்ள கல்வழிகளில் ஓடி மறுபக்கப் புகைபோக்கி வழியாக வெளியேறும். மேலே பரப்பிய கற்பலகைகள் சூடேறித் தரை முழுவதும் வெதுவெதுப்பாகும். இதற்கு ஓன்டோல் என்று பெயர். கற்களின்மேல் களிமண் பூசி, எண்ணெய்த்தாள் ஒட்டி வழவழப்பாக்கிய அந்தத் தரையில்தான் உட்காருவார்கள், உண்பார்கள், உறங்குவார்கள். அடுப்புக்கு அருகில் மிகுதியாகச் சூடேறும் பகுதி வீட்டுப் பெரியவருக்கு உரியது. வட சீனத்திலும் காங் எனப்படும் சூடேற்றப்பட்ட மேடை உண்டு. எனினும் அது அறையின் ஒரு பக்கத்தில் கட்டிய செங்கல் மேடைதான், மற்ற இடத்தில் செருப்புக் காலுடன் நடமாடுவார்கள். சீனர்கள் சொங் வம்சக் காலத்துக்குள் (10–13ஆம் நூற்றாண்டு) நாற்காலிக்கும் உயரமான மேசைக்கும் மாறிவிட்டார்கள். கொரியர்கள் தரையிலேயே இருந்தார்கள். வாசலில் காலணியைக் கழற்றுவது, ஒருவரோ இருவரோ உண்ணும் சிறு சாப்பாட்டுப் பலகை, விருந்தினருக்குத் தரையில் விரிக்கும் மெத்தை என வீட்டுப் பழக்கத்தில் பாதி அந்தச் சூடான தரையிலிருந்து வந்ததுதான். இன்றைய சியோலின் அடுக்குமாடி வீடுகளிலும் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன.

சீனத்திலிருந்து வந்த சடங்குகளும் இந்தத் தரையில் வந்து இறங்கியபோது வேறு உருவம் பெற்றன. இரு நாட்டாரும் ஒரே சந்திரப் புத்தாண்டைக் கொண்டாடுகிறார்கள். சீனத்தில் சிவப்புக் காகித உறையில் பணம், வாசலில் சிவப்புத் தாளில் எழுதிய வாழ்த்துவரிகள், பட்டாசு, வட பகுதியில் வேகவைத்த பூரணக் கொழுக்கட்டை என விழா அமர்க்களப்படும். கொரிய வீட்டிலோ விடியற்காலையில் முன்னோருக்குப் படையலிட்டு, பிறகு பெரியவர்கள் தரையில் அமர, இளையவர்கள் வரிசையாக வணங்கிப் பணம் பெற்றுக்கொண்டு, அரிசி அப்பத் துண்டுகள் மிதக்கும் சூப்பைக் குடிப்பார்கள். அதைக் குடித்தால் ஒரு வயது கூடியதாகக் கணக்கு. முன்னோர் வழிபாட்டை இத்தனை கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதில் மாணவர் ஆசிரியரை விஞ்சிவிட்டார் என்றே நான் சொல்வேன்.

கேள்வி: கொரிய மொழியில் அம்மா, அப்பா என்றே அழைக்கிறார்கள். அம்மொழி தமிழிலிருந்து பிறந்தது என்றும், அதன் எழுத்து சீனத்திலிருந்து வந்தது என்றும் என் மாணவர்கள் சொல்கிறார்கள். எது சரி? (மதுரை, தமிழாசிரியர்)

பதில்: இரண்டும் சரியில்லை. முதலில் எழுத்து. சீன எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு சொல்லையோ சொற்கூறையோ குறிப்பவை. கொரியரின் ஹங்குல் நம்முடையதைப் போல ஒலியைக் குறிப்பது. அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட அந்த எழுத்து தொடக்கத்தில் 28 குறிகளைக் கொண்டிருந்தது. இன்று அடிப்படை எழுத்துகள் 24. தமிழாசிரியரான உங்களுக்கு இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஒவ்வோர் எழுத்தும் நாவும் பல்லும் இதழும் எங்கே பொருந்தப் பிறக்கிறது என்று விளக்குகிறது. செஜோங் அந்தப் பொருத்தத்தையே எழுத்தின் வடிவமாக வரைந்துவிட்டார். ககர ஒலிக்கு நாவின் அடி உயர்ந்து தொண்டையை அடைக்கும் கோலம், மகரத்துக்கு வாயின் சதுரம், சகரத்துக்குப் பல்லின் கூர். இது பிற்காலத்தவர் செய்த கற்பனை என்று சிலர் ஐயுற்றதுண்டு. எழுத்தை விளக்கிச் செஜோங்கின் அறிஞர்களே எழுதிய மூல நூல் 1940இல் கண்டெடுக்கப்பட்டபோது அந்த ஐயம் தீர்ந்தது.

அரசர் செய்ததை அவருடைய அவையே எதிர்த்தது. சோய் மால்லி என்னும் அறிஞர் 1444இல் அளித்த விண்ணப்பத்தில், மங்கோலியர், திபெத்தியர், ஜப்பானியர் போன்ற காட்டுமிராண்டிகளே தனி எழுத்து வைத்திருக்கிறார்கள், சீன எழுத்தை விட்டால் நாமும் அவர்களோடு சேர்ந்துவிடுவோம் என்று வாதிட்டார். படித்தவர்கள் அடுத்த நானூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சீன எழுத்திலேயே எழுதிவந்தார்கள். ஹங்குல் பெண்களிடமும் எளிய மக்களிடமும் கதைகளிலும் கடிதங்களிலும் வாழ்ந்தது.

இனி மொழி. கொரியச் சொற்களில் பாதிக்கு மேல் சீன வேர் கொண்டவை. ஆயினும் இலக்கணம் முற்றிலும் வேறு. ‘நான் சோற்றை உண்கிறேன்’ என்பதைக் கொரியர் ‘நா–நுன் பப்–உல் மொங்நுன்தா’ என்பார்; உருபும் வினைமுற்றும் நம் வாக்கியத்தில் நிற்கும் இடத்திலேயே நிற்கின்றன. சீனர் ‘வோ ச்சர் ஃபான்’ என்பார். அதாவது ‘நான் உண் சோறு’, உருபும் இல்லை, விகுதியும் இல்லை. கொரியத்துக்கும் தமிழுக்கும் உள்ள இந்த ஒற்றுமையைக் கண்டுதான் கொரியாவில் ஆசிரியராகப் பணியாற்றிய ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905இல் கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். அந்த உறவை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. வினையை இறுதியில் வைத்து உருபுகளை ஒட்டும் மொழிகள் துருக்கி முதல் ஜப்பான் வரை உண்டு. அம்மா, அப்பா போன்றவை குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகள் என்பதால் உலகெங்கும் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடும், என்ன செய்வது!

கடன் வாங்கிய சொற்கள் கொரியரிடம் எப்படி வாழ்கின்றன என்பதைக் கடிகாரத்தில் பார்க்கலாம். அவர்களிடம் இரண்டு எண் வரிசைகள் உள்ளன: ஹனா, துல், செத் என்பது சொந்த வரிசை, இல், ஈ, சம் என்பது சீன வரிசை. மணியைச் சொந்த எண்ணாலும் நிமிடத்தைச் சீன எண்ணாலும் சொல்வார்கள். 3 மணி 10 நிமிடம் என்ற ஒரே தொடரில் இரண்டும் வந்துவிடும், சொல்பவருக்கு அது உறுத்துவதே இல்லை. பழைய ஒலியைக் கொரியரே காத்துவைத்திருப்பதும் உண்டு. கல்வி என்னும் பொருளுள்ள சீன எழுத்தைக் கொரியர் ‘ஹக்’ என்கிறார்கள்; தென் சீனத்துக் கான்டனியர் ‘ஹோக்’ என்கிறார்கள்; பெய்ஜிங் பேச்சிலோ இறுதி மெய் தேய்ந்து ‘ஷுவே’ ஆகிவிட்டது.

கேள்வி: கொரியர் நடத்தும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேலாளர் என் வயதைக் கேட்டார். மதிய உணவில் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் அருகிலிருந்தவர் முகம் சுளித்தார். முன்பு சீன நிறுவனத்தில் இருந்தபோது இரண்டும் நடந்ததில்லை. ஏன் இந்த வேறுபாடு? (திருப்பெரும்புதூர் வாசகர்)

பதில்: வயதை அவர் கேட்டது உங்கள் சொந்த விஷயத்தில் தலையிடும் எண்ணத்தால் அன்று என்று எண்ணுகிறேன். கொரிய மொழியில் வினைமுற்றின் விகுதி கேட்பவரின் தகுதிக்கேற்ப மாறும். ‘வா’, ‘வாங்க’, ‘வாருங்கள்’ என்று நாம் மாற்றுவதைவிட அதில் படிகள் கூடுதல். உண்பது, உறங்குவது, வயது, வீடு ஆகியவற்றுக்குப் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது தனிச் சொற்களே உண்டு. எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட நிம்மதியாக முடிக்க முடியாது என்பதால் கேட்டுத் தெளிந்துகொள்கிறார்கள். உங்களிடம் வேறு மொழியில் பேசினாலும் பழக்கம் விடுவதில்லை. சீன மொழியில் நம் ‘நீ’ போல ‘நீ’ என்றே ஒலிக்கும் சொல்லும், மரியாதைக்கு ‘நின்’ என்பதும் போதும். குடும்பப் பெயருடன் பதவியைச் சேர்த்து அழைத்துவிட்டால் மரியாதை நிறைவேறிவிடும். வரிசைமுறை அங்கும் உண்டு, ஆனால் இலக்கணம் அதை ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்பதில்லை.

வயதைப் பற்றி இன்னொன்று. பிறந்தவுடன் ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டிலும் மேலும் ஒன்று என்னும் பழைய சீனக் கணக்கைச் சீன அரசு எப்போதோ விட்டுவிட்டது. கொரியர் அன்றாட வாழ்வில் அதைப் பிடித்துவைத்திருந்தார்கள். அதன்படி டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தைக்கு மறுநாள் இரண்டு வயது. தென் கொரியாவில் 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டமே பிறந்தநாள் கணக்கைப் பெரும்பாலான அலுவல்களுக்குப் பொதுவாக்கியது.

கிண்ணத்தைப் பொறுத்தவரை, சீனர் சோற்றுக் கிண்ணத்தை வாயருகே உயர்த்திக் குச்சிகளால் உண்பார்கள். கிண்ணத்தை மேசையில் விட்டுக் குனிந்து உண்பதுதான் அங்கே அழகில்லாதது. கொரியாவில் கிண்ணம் மேசையிலேயே இருக்க வேண்டும். சோற்றுக்கும் சூப்புக்கும் நீண்ட கைப்பிடியுள்ள கரண்டி, துணைக்கறிகளுக்குக் குச்சிகள் என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. அவர்களுடைய குச்சிகள் தட்டையான உலோகத்தாலானவை. சீனருடையவை நீளமான மூங்கில் அல்லது மரத்தாலானவை, எதிர்ப்பக்கத்துத் தட்டை எட்டுவதற்கு வசதியாக. உலோகக் கிண்ணத்தில் சுடுசோறு இருக்கும்போது அதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே காரணத்தில் ஒரு பகுதி விளங்கிவிடும். மூத்தவர் கரண்டியை எடுக்கும்வரை காத்திருங்கள். அவர் ஊற்றித் தரும் மதுவை இரு கையாலும் வாங்கி, முகத்தைச் சற்றுத் திருப்பிக் குடியுங்கள். சீன விருந்தில் முகத்தைத் திருப்ப வேண்டாம். கோப்பைகளை மோதும்போது உங்களுடைய விளிம்பு மூத்தவருடையதைவிடத் தாழ்ந்திருந்தால் போதும். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைப்பது மட்டும் இரண்டு இடத்திலும் கூடாது. இறந்தவருக்கு ஏற்றும் ஊதுவத்தியை அது நினைவூட்டும்.

கேள்வி: கிம்ச்சி யாருடையது? இதற்காக இரண்டு நாடுகள் சண்டையிட்டதாகப் படித்தேன். (கோவை வாசகர்)

பதில்: சண்டையில் பாதி, பெயரால் வந்தது. சீன மொழியில் உப்புநீரில் ஊறவைத்த காய்கள் அனைத்துக்கும் பாவ் சாய் என்று பெயர்; கொரியரின் காரமான கோசு ஊறலான கிம்ச்சியையும் அப்பெயராலேயே அழைத்துவந்தார்கள். சிச்சுவான் மாநிலத்துப் பாவ் சாய்க்கு 2020 நவம்பரில் ஒரு பன்னாட்டுத் தரநிலை கிடைத்தபோது, கிம்ச்சிக்கே சீனம் தரம் வகுத்துவிட்டது என்பதுபோல் ஒரு சீனப் பத்திரிகை எழுதியது, கொரியர் கொதித்தெழுந்தனர். அந்த ஆவணத்திலேயே இது கிம்ச்சிக்குப் பொருந்தாது என்று எழுதப்பட்டிருந்தது. கிம்ச்சிக்கான பன்னாட்டு உணவுத் தரமோ 2001இலேயே வந்துவிட்டது. கடைசியில் தென் கொரிய அரசு 2021 ஜூலையில் கிம்ச்சிக்குச் சீன மொழியில் ‘ஷின்ச்சி’ என்று புதுப்பெயர் சூட்டிவிட்டது.

செய்முறையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. சிச்சுவான் சாடியின் வாயைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். மூடியைக் கவிழ்த்து அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டால் உள்ளே எழும் வாயு குமிழியிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே புகாது. உப்புநீரில் மூழ்கிய முள்ளங்கியும் கோசும் மொறுமொறுப்பாக எழும். கிம்ச்சிக்கோ நீளக்கோசை இரவு முழுவதும் உப்பில் வாடவைத்துக் கழுவிப் பிழிந்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பிலிட்ட இறால் சேர்த்த விழுதை ஒவ்வோர் இலைக்கு இடையிலும் கையால் தடவ வேண்டும். குளிர்காலம் தொடங்கும்முன் அண்டை வீட்டார் கூடி இதைச் செய்யும் வழக்கத்தைத்தான் யுனெஸ்கோ 2013இல் தென் கொரியாவின் பெயரிலும் 2015இல் வட கொரியாவின் பெயரிலும் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. காய்களை உப்பிலிட்டுக் காக்கும் கலை சீனத்தில் மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. கிம்ச்சியைச் சிவப்பாக்கும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி 16ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில்தான் கொரியாவுக்கு வந்தது. நம் மிளகாயும் அப்படிக் கப்பலில் வந்ததுதானே. அதற்காகக் காரக்குழம்பைப் போர்ச்சுகீசியரிடம் யாரும் ஒப்படைத்துவிடவில்லை.

கேள்வி: ஒரே திருவிழாவைக் கொரியாவும் சீனமும் தனித்தனியே யுனெஸ்கோவில் பதிவு செய்திருப்பது எப்படி? (நாகர்கோவில் வாசகி)

பதில்: ஐந்தாம் சந்திர மாதத்தின் ஐந்தாம் நாளைக் கேட்கிறீர்கள். நாளும் பெயரும் சீனத்திலிருந்து சென்றவை. கொரியர் அதை டானோ என்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் உள்ள காங்நுங் நகரின் டானோ விழாவை யுனெஸ்கோ 2005இல் ஏற்றபோது, எங்கள் விழாவைத் திருடிவிட்டார்கள் என்று சீனத்தில் பெருங்கூச்சல் எழுந்தது. சீனத்தின் டிராகன் படகு விழா 2009இல் பட்டியலில் இடம்பெற்றது.

இரண்டையும் அருகில் வைத்துப் பார்த்தால் பொதுவாக எஞ்சுவது மிகச் சிறிது. சீனத்தில் அந்நாள், சூ நாட்டின் அரசியல்வாதியும் கவிஞருமான ச்சூ யுவான் மிலுவோ ஆற்றில் மூழ்கி உயிர்விட்ட நினைவு நாள். அவரைத் தேடிச் சென்ற படகுகளின் நினைவாகப் படகுப் போட்டி. மூங்கில் இலையில் பொதிந்து வேகவைத்த ஒட்டரிசிச் சோறு. காங்நுங்கில் ச்சூ யுவானும் இல்லை, படகும் இல்லை. அங்கே மலைக்கணவாயில் உறையும் காவல் தெய்வத்தை ஒரு மரக்கிளையில் இறக்கி ஊருக்குள் அழைத்துவந்து, ஊரில் இருக்கும் பெண் தெய்வத்தோடு சேர்த்துவைத்து, சாமியாடிப் பெண்கள் நாள்கணக்கில் பாடியாடுகிறார்கள். வசனமே இல்லாத முகமூடி நாடகம், மல்யுத்தம், பெண்கள் நின்றாடும் பெரிய ஊஞ்சல் ஆகியவையும் உண்டு. நம் ஊர் அம்மன் கொடையைப் பார்த்தவர்களுக்கு அங்கே வழிகாட்டி தேவைப்படாது.

இரு விழாக்களுக்கும் பொதுவாக நிற்பது ஒரு செடி. சீனர் ச்சாங்பு என்றும் கொரியர் சாங்போ என்றும் ஒரே எழுத்துகளால் குறிக்கும் அது நம்முடைய வசம்புதான். சீனர் அதன் வாள் போன்ற இலையைத் தீயவை அண்டாதிருக்க வாசலில் தொங்கவிடுகிறார்கள். கொரியப் பெண்கள் அதைக் கொதிக்கவைத்த நீரில் கூந்தலை அலசுகிறார்கள். நாமோ அதன் கிழங்கைச் சுட்டு உரைத்துப் பச்சைக் குழந்தைக்குத் தருகிறோம். இரவில் அதன் பெயரைச் சொல்லவும் தயங்கிப் ‘பேர் சொல்லாதது’ என்கிறோம்.

கேள்வி: கொரியாவின் முதல் ராணி கன்னியாகுமரிப் பெண்தானே? (சென்னை வாசகர்)

பதில்: 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் துறவி தொகுத்த நூல், கி.பி. 48இல் அயுத்தா என்னும் நாட்டிலிருந்து கடல் வழியே வந்த ஹோ ஹ்வாங் ஓக், கொரியத் தீபகற்பத்தின் தென்பகுதியில் இருந்த காயா நாட்டு அரசர் சுரோவை மணந்ததாகக் கூறுகிறது. அயுத்தாவை அயோத்தி என்பாரும், கன்னியாகுமரிப் பகுதியில் இருந்த பழைய ஆய் நாடு என்பாரும் உளர். நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஒரு பெயரை வைத்து ஊரை உறுதி செய்ய இயலாது. ஆனால் அந்தக் கதைக்கு இன்றும் உயிர் இருக்கிறது: கிம்ஹே கிம் குலத்தாரும் கிம்ஹே ஹோ குலத்தாரும் தம்மை அந்தத் தம்பதியின் வழிவந்தோர் என்று கருதுகிறார்கள், நெடுங்காலம் தமக்குள் மணம் செய்யாமலும் இருந்தார்கள். ஒரே குலப்பெயரினர் மணக்கக் கூடாது என்பது பண்டைச் சீன விதி. சீனம் அதை முன்னதாகவே கைவிட்டது, தென் கொரியச் சட்டத்திலோ அது 1997இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை நடைமுறையில் இருந்தது.

கேள்வி: 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஹன்போக் உடை குறித்து ஏன் சர்ச்சை எழுந்தது? பழங்காலத்தில் இரு நாட்டவரும் எம்மொழியில் பேசிக்கொண்டார்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: சீனத்தின் 56 இனங்களின் சார்பாகக் கொடியை ஏந்தியவர்களில் ஒரு பெண் கொரிய உடையில் வந்தார். சீனத்தில் கொரிய இனத்தவர் சுமார் 17 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வடகிழக்குச் சீனத்தின் யன்பியனில் தன்னாட்சிப் பகுதியும் உண்டு. ஆகவே அந்தப் பெண் அவ்வுடையில் வந்ததில் தவறில்லை. கிம்ச்சிச் சண்டை ஆறாதிருந்த வேளையில் தென் கொரியர் அதை வேறு விதமாகக் கண்டார்கள். குட்டையான மேற்சட்டை, மார்பில் ஒற்றை முடிச்சாகத் தொங்கும் நாடா, மார்பளவிலிருந்து விரியும் பாவாடை என்பது கொரியப் பெண்ணின் உடை. சீனரின் ஹன்ஃபு இடுப்பில் கச்சையிட்டு, அகன்ற கையுடன் நீளமாகத் தொங்கும்.

ஆண்களின் அரசவை உடையில் கதை தலைகீழானது. 1644இல் மஞ்சு இனத்தவர் பெய்ஜிங்கைக் கைப்பற்றிச் சீன ஆண்களின் முன்தலையை மழித்துப் பின்னல் போடவைத்து, உடையையும் மாற்றினர். ஜோசன் அரசவையோ அதற்கு முன் சீனத்தை ஆண்ட மிங் வம்சக் காலத்து அங்கியைத் தொடர்ந்து அணிந்தது. பெய்ஜிங் சென்ற கொரியத் தூதுக் குழுவினரின் பயணக் குறிப்புகளில், அந்தப் பழைய உடையைச் சீனத்தில் நாடக மேடையில்தான் காண முடிந்தது என்ற செய்தி திரும்பத் திரும்ப வருகிறது.

அவர்கள் பேசிக்கொண்ட விதம் உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடையாகும். ஹோங் தே யோங் என்னும் கொரிய அறிஞர் 1766இன் தொடக்கத்தில் பெய்ஜிங்கில் ஹாங்சோ நகரத்து இளைஞர் யான் செங்கையும் அவருடைய நண்பர்களையும் சந்தித்தார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது; இருவரும் கற்ற பழஞ்சீனம் மட்டும் ஒன்று. காகிதத்தை நடுவில் வைத்து, ஒருவர் எழுத மற்றவர் படித்துப் பதில் எழுத, உடை, சடங்கு, தத்துவம் என எல்லாவற்றையும் தூரிகையாலேயே உரையாடினார்கள். ஊர் திரும்பிய பிறகும் தூதுக் குழுக்களின் கையில் கடிதங்கள் சென்று வந்தன. சில ஆண்டுகளுக்குள் யான் செங் நோயுற்று இறந்தார். இறக்கும் தறுவாயில் ஹோங் அளித்திருந்த கொரிய மைக்கட்டியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார் என்று, ஹோங்கின் நண்பரான பக் ஜி வோன் ஹோங்கின் கல்லறை வாசகத்தில் எழுதியிருக்கிறார்.